மைக்செட் மகாராணி

ராக் என்று சொன்னால் திருச்சிக்காரருக்கு ஞாபகம் வருவது இரண்டு. ஒன்று மலைக்கோட்டை. வெள்ளைக்காரன் அதற்கு வைத்த பேர் ராக்ஃபோர்ட். சென்னைக்குக் கிளம்பும் ராத்திரி ரயிலுக்கும் அதே பேர்தான். இன்னொன்று பொன்மலை. அதன் இங்கிலீஷ் பேர் கோல்டன் ராக். 1920களின் கடைசியில் நாகப்பட்டினத்திலிருந்து ரயில்வே பட்டறையைப் பெயர்த்துக்கொண்டு வந்து வைத்த இடம்.

கிடாரும் டிரம்ஸுமாக அதிர வைக்கிற மூன்றாவது ராக் எங்கே போச்சு என்கிறீர்களா? அதுவும் இருந்தது. ஆனால் நீங்கள் தேடுகிற இடத்தில் இல்லை.

முதலில் அமெரிக்காவுக்குப் போய்விட்டு வருவோம். 1984-ல் 'பிரைவேட் டான்ஸர்' என்று ஒரு ஆல்பம் வந்தது. பாடியவர் டினா டர்னர். அப்போது அவருக்கு வயது 44. பாப் உலகத்தில் 44 என்பது ரிட்டயர்மென்ட் வயசு. எட்டு வருஷம் முன்னால், 1976-ல், அடித்து உதைத்த கணவர் ஐக் டர்னரைவிட்டு ஒரு ஹோட்டல் அறையிலிருந்து ஓடி வந்தபோது கையில் இருந்தது 36 சென்ட். இனிமேல் யார் இந்த அம்மாவைக் கேட்கப் போகிறார்கள் என்று கம்பெனிகள் கையை விரித்தன. அப்புறம் அந்த ஒரு ஆல்பம். உலகம் முழுக்க ஒரு கோடிக்கும் மேல் விற்றது. அதிலிருந்து வந்த ஒரு பாட்டு அமெரிக்காவில் நம்பர் ஒன். அடுத்த வருஷம் கிராமி விருது.

டினா பிறந்தது 1939 நவம்பர் 26. சரியாகப் பதினோரு நாள் கழித்து, டிசம்பர் 7-ல், இங்கே ஒரு பெண் குழந்தை பிறந்தது. லூர்து மேரி ராஜேஸ்வரி. உங்களுக்குத் தெரிந்த பெயரில் சொன்னால், எல்.ஆர்.ஈஸ்வரி.

'உஷா உதூப் இருக்கும்போது ஈஸ்வரி எதற்கு சார்?' என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, 1969-ல் சென்னை மவுன்ட் ரோடில் நைன் ஜெம்ஸ் என்கிற நைட் கிளப்பில் காஞ்சிபுரம் பட்டுப் புடவையோடு மேடையேறி, 80களின் ஆரம்பத்தில் பப்பி லஹிரியின் டிஸ்கோ பாட்டுகளால் இந்தியாவையே ஆட வைத்தவர். எனக்கும் அவர் மேல் பெரிய மரியாதை உண்டு. ஆனால் 80களில் திருச்சியில் நீங்கள் எந்தத் தெருவில் நின்றிருந்தாலும் உங்கள் காதில் விழுந்த பெண் குரல் உஷாவுடையது அல்ல. பாலக்கரை, உறையூர், காந்தி மார்க்கெட், பீமநகர் என்று எங்கே போனாலும் ஆடி மாசம் வந்துவிட்டால் வேப்ப மரத்திலும் லைட் கம்பத்திலும் கட்டின குழாய் ஸ்பீக்கரிலிருந்து கொட்டினது ஒரே ஒரு குரல். விலைக்கு வாங்கிக் கேட்டவர்களைவிட, வாங்காமலே கேட்டவர்கள் ஆயிரம் மடங்கு. தமிழ்நாட்டின் நிஜமான ஹிட் சிங்கிள் அதுதான். அதைக் கணக்கெடுக்க நம்மிடம் ஒரு டாப் டென் பட்டியல்தான் இல்லை.

அந்தக் குரல் எங்கிருந்து புறப்பட்டு அந்தக் குழாய்க்கு வந்து சேர்ந்தது என்பது சுவாரசியமான கதை.

ஈஸ்வரியின் அம்மா நிர்மலா, ஜெமினி ஸ்டூடியோவில் கோரஸ் பாடகி. அம்மாவோடு ரிக்கார்டிங் பார்க்கப் போன பெண், கோரஸில் நின்று பாட ஆரம்பித்தது. 'மனோகரா'வில் (1954) கும்பலோடு கும்பலாக ஒரு குரல். தனியாகப் பாட வைத்தவர் கே.வி.மகாதேவன், 1958-ல் 'நல்ல இடத்து சம்பந்தம்' படத்தில். ஏற்கெனவே எம்.எஸ்.ராஜேஸ்வரி என்று ஒருவர் குழந்தைக் குரலில் கொடிகட்டிப் பறந்துகொண்டிருந்தார். இரண்டு ராஜேஸ்வரி வேண்டாம் என்று இவர் பெயரைக் கத்தரித்து எல்.ஆர்.ஈஸ்வரி ஆக்கினார்கள். 1961-ல் 'பாசமலர்' வந்தது. 'வாராய் என் தோழி' இல்லாமல் அதற்கப்புறம் தமிழ்நாட்டில் கல்யாணம் நடக்கவில்லை. இந்தப் பாட்டைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் ஒரு சட்ட விவகாரத்துக்குத் தேவைப்படும்.

அதற்கப்புறம் அவருக்கு வந்தவையெல்லாம் ஒரு தினுசு. கதாநாயகிக்கு பி.சுசீலா. கதாநாயகியின் தோழிக்கு, காமெடி ஜோடிக்கு, கிளப்பில் ஆடுகிறவளுக்கு, வில்லனின் ஆசைநாயகிக்கு ஈஸ்வரி. கோடம்பாக்கம் இப்படி இரண்டு அலமாரி செய்து வைத்திருந்தது. ஆனால் விஸ்வநாதனும் வேதாவும் மேல்நாட்டு வாத்தியங்களை எடுத்துக்கொண்டு விளையாடினது பெரும்பாலும் இரண்டாவது அலமாரியில்தான். ட்விஸ்ட், ராக் அண்ட் ரோல், ஜாஸ் எல்லாம் கிளப் பாட்டு வழியாகத்தான் உள்ளே வந்தன. குடும்பப் பெண் ட்விஸ்ட் பாடினால் சென்ஸாரைவிட மாமியார்கள் கோபித்துக்கொள்வார்கள் அல்லவா?

1968-ல் 'பணமா பாசமா'வின் எலந்தப் பழப் பாட்டு பட்டிதொட்டியெல்லாம் ஓடியது. 1969-ல் 'சிவந்த மண்'. சாட்டை சுழல, அடி விழ விழக் காஞ்சனா ஆட வேண்டும். அந்த 'பட்டத்து ராணி'யை இப்போது கேட்டுப் பாருங்கள். ஒவ்வொரு சாட்டை வீச்சுக்கும் குரல் ஒரு துள்ளு துள்ளும். வலியா, திமிரா, அழைப்பா என்று பிரிக்க முடியாது. அந்த இடத்தில் சுரம் பெரிசில்லை, மூச்சுதான் பெரிசு. ராக் பாடகிகளைப் பற்றி மேல்நாட்டு விமர்சகர்கள் பக்கம் பக்கமாக எழுதுகிற விஷயம் இதுதான். நம் ஊரில் இதற்கு 'கவர்ச்சிக் குரல்' என்று ஒரு முத்திரை குத்தி மூட்டை கட்டிவிட்டார்கள். முத்திரை தப்பு என்று காட்ட 1972-லேயே 'வெள்ளி விழா'வில் காதோடு ரகசியமாக ஒரு தாலாட்டு பாடினார். வி.குமார் இசை. அத்தனை மெல்லிசாக, அத்தனை பக்கத்தில். ம்ஹூம், யாரும் முத்திரையை மாற்றவில்லை.

1976. அங்கே டினா 36 சென்ட்டோடு தெருவில் நின்ற அதே வருஷம், இங்கே 'அன்னக்கிளி' வந்தது. இளையராஜா வந்தார். தமிழ் சினிமாவின் சத்தமே மாறிப்போனது. இளையராஜாவைக் குறை சொல்ல இதில் எதுவும் இல்லை. அவருக்கு எஸ்.ஜானகி கிடைத்தார். குழந்தையாகவும் கிழவியாகவும் கிறங்க வைப்பவளாகவும் ஒரே குரலில் பாட முடிகிறவர். 'மூன்றாம் பிறை'யில் (1982) சில்க் ஸ்மிதாவுக்குப் பாடியதும் அவர்தான். இரண்டு அலமாரியும் ஒன்றாகிவிட்டது. கதாநாயகியே ஆடத் தொடங்கினாள். கிளப் டான்ஸருக்கென்று தனிக் குரல் தேவையில்லாமல் போனது. ஈஸ்வரிக்கு சினிமாவில் வாய்ப்புகள் மெல்லக் குறைந்தன. 1978-ல் தெலுங்கில் 'மரோ சரித்ரா'வில் பாலசுப்ரமணியத்தோடு ஒரு பெரிய ஹிட் கொடுத்தார், சரி. ஆனால் காற்று திசை மாறியிருந்தது.

அப்போதுதான் மாரியம்மன் வருகிறாள்.

ஈஸ்வரி அம்மன் பாட்டு பாடியது திடீரென்று நடந்தது அல்ல. எழுபதுகளிலேயே இசைத்தட்டுகள் வந்துவிட்டன. முருகனுக்கு டி.எம்.எஸ்., சூலமங்கலம் சகோதரிகள். பெருமாளுக்கு எம்.எஸ்.ஸின் சுப்ரபாதம். பிள்ளையாருக்கு சீர்காழி. ஊர் ஊராக எல்லையில் உட்கார்ந்திருக்கிற மாரிக்கும் காளிக்கும் மட்டும் சரியான ஆள் அகப்படவில்லை. யோசித்துப் பாருங்கள், கர்நாடக சங்கீதம் பழகின குரலில் உடுக்கைக்கும் பம்பைக்கும் பாட முடியுமா? மணிமணியாக இருக்கும். அருள் வராது. இதற்கு வேண்டியது அடித்தொண்டையிலிருந்து எகிறுகிற குரல், வார்த்தையின் கடைசியில் ஒரு வெட்டு, நடுவில் ஒரு அதட்டல். இதெல்லாம் ஏற்கெனவே கிளப் பாட்டில் தயாராக இருந்தது. சாட்டைக்குத் துள்ளின அதே துள்ளலை உடுக்கைக்கு மாற்றினார்கள். அவ்வளவுதான். பாடினவர் லூர்து மேரி என்பதைப் பற்றி எந்தப் பூசாரியும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. நாகூர் ஹனிஃபாவின் பாட்டை யார் வீட்டில்தான் கேட்கவில்லை? அந்தக் காலத்துக் காது அப்படி.

இங்கேதான் ஸ்ரீரங்கம் உள்ளே வருகிறது. சமயபுரம் மாரியம்மனின் தலவரலாறு தெரியுமா உங்களுக்கு? அம்மன் முதலில் இருந்தது ஸ்ரீரங்கம் கோயிலில் என்கிறார்கள். வைஷ்ணவி என்று பெயர். அவளுடைய உக்கிரம் தாங்க முடியவில்லை. அங்கிருந்த ஜீயர், சிலையை ஊருக்கு வெளியே கொண்டுபோகச் சொல்லிவிட்டார். தூக்கிக்கொண்டு போனவர்கள் கொள்ளிடத்தைத் தாண்டி வடக்கே நடந்து ஒரு இடத்தில் இறக்கி வைத்து இளைப்பாறினார்கள். அது இனாம் சமயபுரம். அப்புறம் கண்ணனூர்க் காட்டில் ஒரு ஓலைக் கொட்டகையில் வைத்துவிட்டுத் திரும்பிவிட்டார்கள். கண்ணனூர் சாதாரணக் காடு இல்லை, அது வேறு கதை. 13-ம் நூற்றாண்டில் ஹொய்சள ராஜா சோமேஸ்வரன் தலைநகராக வைத்திருந்த ஊர்.

புராணத்தை நீங்கள் நம்பலாம், நம்பாமல் இருக்கலாம். உக்கிரமான பெண் தெய்வத்தைப் பெரிய கோயிலின் ஏழு மதிலுக்குள் வைத்துக்கொள்ள முடியாமல் ஆற்றுக்கு அந்தப் பக்கம் அனுப்பினார்கள் என்று ஊரே தலைமுறை தலைமுறையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறது, அதை மட்டும் கவனியுங்கள். அண்ணன் ரங்கநாதர் அதற்கு ஈடு செய்வதுபோல இன்றைக்கும் தைப்பூசத்துக்குத் தங்கைக்குச் சீர் கொடுத்தனுப்புகிறார். கொள்ளிடக் கரையில் வந்து அம்மன் வாங்கிக்கொள்கிறாள்.

கொள்ளிடத்துக்குத் தெற்கே உத்தர வீதியிலும் சித்திரை வீதியிலும் மார்கழி விடிகாலையில் அரியக்குடி மெட்டமைத்த திருப்பாவையை எம்.எல்.வசந்தகுமாரி குரலில் கேட்கலாம். அடக்கமான சத்தம். ஆற்றைத் தாண்டி நம்பர் ஒன் டோல்கேட்டுக்கு வந்துவிட்டால் ராஜ்ஜியம் வேறு. மாசிக் கடைசி ஞாயிறு பூச்சொரிதல் தொடங்கும். பக்தர்களுக்காக அம்மனே 28 நாள் பச்சைப் பட்டினி. துள்ளுமாவும் நீர்மோரும் பானகமும் இளநீரும்தான் நைவேத்தியம். திருச்சியின் ஒவ்வொரு பேட்டையிலிருந்தும் மஞ்சள் புடவைகள், பூக்கூடைகள், சீரியல் லைட் போட்ட லாரிகள். ஒவ்வொரு லாரியின் தலையிலும் ஒரு குழாய். ஒவ்வொரு குழாயிலும் ஈஸ்வரி. சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து காவிரிப் பாலம், மாம்பழச் சாலை, திருவானைக்காவல், கொள்ளிடம் பாலம் என்று சமயபுரம் வரைக்கும் பதினைந்து கிலோமீட்டர் போல. ஒரு லாரியின் பாட்டு தேய்வதற்குள் அடுத்த லாரியின் பாட்டு ஆரம்பித்துவிடும். நடந்து போகிறவருக்கு அது முடியாத ஒரே ஆல்பம்.

இதைச் சாத்தியமாக்கினது பக்தி மட்டும் இல்லை. கேசட்.

மைக்செட்காரருக்கு இசைத்தட்டு ஒரு தலைவலி. நாலு பாட்டு கொண்ட சின்னத் தட்டு என்றால் இரண்டு பாட்டுக்கு ஒரு தரம் ஓடி வந்து திருப்பிப் போட வேண்டும். லாரி குலுங்கினால் முள் எகிறும். வெயிலில் தட்டு வளையும். எண்பதுகளில் கேசட் கைக்கு வந்ததும் பிழைத்தார். அறுபது நிமிஷக் கேசட்டில் பக்கத்துக்கு அரை மணி. ஒரு தரம் போட்டுவிட்டு டீ சாப்பிட்டு, பீடி பிடித்து, சண்டையும் போட்டுவிட்டு வரலாம். லாரி குலுங்கினாலும் கேசட்டுக்குக் கவலையில்லை. நாடா சிக்கினால் பேனாவை விட்டுச் சுற்றினால் போயிற்று. ஒரிஜினல் வாங்க வேண்டும் என்றுகூட இல்லை. ரெக்கார்டிங் கடையில் வெற்றுக் கேசட் கொடுத்துப் பட்டியல் எழுதினால் சாயங்காலம் பதிந்து கொடுத்துவிடுவார்கள். அம்மன் பாட்டு என்று ஒரு மாஸ்டர் கேசட் எல்லாக் கடையிலும் தேய்ந்துகொண்டிருந்தது. ஆக, சினிமா கைவிட்ட குரலை எண்பதுகள் பூராவும் சுமந்தது மைக்செட்காரரும் ரெக்கார்டிங் கடைக்காரரும்தான். அவர்களில் எவருக்கும் தான் ஒரு கலைஞரின் இரண்டாவது இன்னிங்ஸை நடத்திக்கொண்டிருக்கிறோம் என்று தெரியாது.

காமர்ஸ் படித்த புத்தி, இந்த இடத்தில் கணக்கு கேட்கிறது. இத்தனை ஆயிரம் குழாய், இத்தனை வருஷம். பாடினவருக்கு இதனால் என்ன?

சட்டப்படி, எதுவும் இல்லை. 1957-ம் வருஷ காப்பிரைட் சட்டத்தில் எழுதியவருக்கு உரிமை உண்டு, இசையமைத்தவருக்கு உண்டு, ஒலிப்பதிவு செய்த கம்பெனிக்கு உண்டு. பாடினவர் என்று ஒரு ஜீவன் இருப்பதையே அந்தச் சட்டம் கண்டுகொள்ளவில்லை. 1977-ல் சினிமாப் பாட்டு உரிமை பற்றிய ஒரு வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. தீர்ப்பு சொன்ன பெஞ்சில் இருந்த வி.ஆர்.கிருஷ்ணய்யர் சும்மா இருக்க மாட்டாமல் கூடவே ஒரு குறிப்பு எழுதினார். நம் நாட்டில் ஜனங்கள் மயங்குவது பாடுகிறவரின் குரலில், சட்டமோ பாடுகிறவரைத் தவிர மற்றவர்களைக் காப்பாற்றுகிறது, பார்லிமென்ட் இதைக் கவனிக்க வேண்டும் என்கிற அர்த்தத்தில். பார்லிமென்ட் கவனிக்க 17 வருஷம் ஆயிற்று. 1994-ல்தான் நிகழ்த்துகிறவருக்கும் உரிமை என்று திருத்தம் வந்தது. ராயல்டி என்று தெளிவாகச் சொன்னது 2012 திருத்தம்.

அப்பாடா என்று உட்காராதீர்கள். அதே சட்டத்தில் 52-வது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. எவையெல்லாம் உரிமை மீறல் ஆகாது என்கிற பட்டியல். அதில் ஒரு ஓரத்தில், மதச் சடங்குகளில் பாட்டு போட்டால் அது மீறல் இல்லை என்று எழுதியிருக்கிறது. கூடவே ஒரு விளக்கம்: கல்யாண ஊர்வலமும் கல்யாணத்தை ஒட்டின கொண்டாட்டங்களும் அதில் சேர்த்தி.

கோயில் திருவிழாவும் கல்யாண வீடும்! ஈஸ்வரியின் குரல் அரை நூற்றாண்டாகத் தமிழ்நாட்டில் மிக அதிகமாக ஒலித்த இரண்டே இடங்கள். ஒரு பக்கம் மாரியம்மன், ஒரு பக்கம் 'வாராய் என் தோழி'. டெல்லியில் உட்கார்ந்து எழுதினவருக்கு ஈஸ்வரி யாரென்றே தெரிந்திருக்காது. ஆனாலும் அவருக்கென்றே அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கிறது அந்தப் பிரிவு. சாமி கும்பிடுகிறவனிடமும் பெண்ணைக் கட்டிக் கொடுக்கிறவனிடமும் போய் ராயல்டி கேட்கக் கூடாது என்பது நல்ல எண்ணம்தான், மறுக்கவில்லை. அந்த நல்ல எண்ணத்துக்கான செலவு யார் கணக்கில் எழுதப்பட்டது என்பதுதான் என் சந்தேகம்.

பணத்தைவிட எனக்குப் பெரிசாகத் தோன்றுகிற விஷயம் இன்னொன்று. எண்பதுகளின் திருச்சியில் ஒரு பெண் தெருவில் ஆட முடியுமா? சினிமாப் பாட்டை வாய்விட்டு முணுமுணுத்தாலே 'என்னடி பாட்டு வேண்டிக்கிடக்கு' என்று அதட்டல் விழுகிற காலம். எலந்தப் பழத்தை ஒரு வயசுப் பெண் முற்றத்தில் நின்று பாடினால் அன்றைக்கு வீட்டில் சோறு கிடையாது. அதே தெருவில், அதே வீட்டுப் பெண், தலைமுடியை அவிழ்த்துப் போட்டு, மஞ்சள் தண்ணீர் கொட்டக் கொட்ட, ஊர் பார்க்க ஆடலாம். அருள் வந்திருக்கிறது என்று எல்லோரும் ஒதுங்கி வழிவிடுவார்கள். மாமியார் காலில் விழுவாள். குடித்துவிட்டு அடிக்கிற புருஷன் கையைக் கட்டிக்கொண்டு நிற்பான், அவள் விரலை நீட்டிக் கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்லுவான். பின்னால் குழாயில் ஓடுவது அதே ஈஸ்வரி. அதே மூச்சு, அதே வெட்டு, அதே அதட்டல்.

அமெரிக்கப் பெண்கள் டினா டர்னர் கச்சேரிக்கு டிக்கெட் வாங்கிக்கொண்டு போய்க் கத்தித் தீர்த்தார்கள். இங்கே டிக்கெட் இல்லை. தீச்சட்டி இருந்தது.

இரண்டாயிரத்துக்கு அப்புறம் குழாய்களின் சத்தம் குறைந்தது. 2000-ல் ஒலி மாசு விதிகள் வந்தன, ராத்திரி பத்திலிருந்து காலை ஆறு வரை ஒலிபெருக்கி கூடாது என்று. 2005-ல் உச்ச நீதிமன்றம் அதை உறுதிப்படுத்தியது. கேசட் போய் சி.டி. வந்தது, சி.டி. போய்ப் பென் டிரைவ் வந்தது. பாட்டு மட்டும் மாறவில்லை. புதிசு புதிசாக எத்தனையோ பேர் அம்மன் பாட்டு பாடிவிட்டார்கள். கேட்டுப் பாருங்கள், பாதிப் பேர் ஈஸ்வரி மாதிரி பாடத்தான் முயற்சி செய்கிறார்கள்.

சினிமா ஒருவழியாக 2011-ல் அவரைத் திரும்பக் கூப்பிட்டது. 'ஒஸ்தி' படத்தில் தமன் இசையில் ஒரு கவர்ச்சி ஆட்டத்துக்கு, டி.ராஜேந்தரோடு. திரையில் ஆடினவர் மல்லிகா ஷெராவத். பாடினவருக்கு வயது 72. பழைய அலமாரியைத் தூசு தட்டித் திறந்தார்கள், உள்ளே குரல் அப்படியே இருந்தது. இன்னொரு ஒன்பது வருஷம் போனது. 2020 தீபாவளிக்கு 'மூக்குத்தி அம்மன்' வந்தது. நயன்தாரா அம்மனாக நடித்த படம். ஆடித் திருவிழாவுக்கு ஒரு குத்துப் பாட்டு வேண்டும். யாரைப் பாட வைப்பது என்பதில் அவர்களுக்குப் பெரிய குழப்பம் இருந்திருக்காது. எண்பது வயது ஈஸ்வரி வந்து பாடிவிட்டுப் போனார்.